நெல்லை வெயிலில் பஞ்சு போன்ற ஈஸ்ட் பிஸ்கட்: கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள்!

சேரன்மகாதேவி பக்கம் ஆற்றுப்பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடும் குடும்பம் அது. சித்திரை மாதத்தில் அடித்த சூறைக்காற்றில் குலை தள்ளிய வாழையில் பாதி சாய்ந்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வேறு வழி தேட வேண்டிய நிலை. வீட்டு மருமகளுக்குப் பலகாரம் செய்வதில் கைராசி உண்டு. தெருவில் ஒரு காதுகுத்து விழாவுக்கு நூறு பிஸ்கட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் முன்பணமும் வாங்கினார். செய்முறையைக் கைப்பேசியில் பார்த்துத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

முதல் ஈடு கல்லாக வந்தது. மாமியார் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தார். "ஏட்டி, இதை மாட்டுக்குப் போட்டாலும் பல்லு போயிரும்லா!" இரண்டாவது ஈட்டில் மாவு நன்றாகப் பொங்கியது. ஆனால், அடுப்பில் வைத்ததும் அமுங்கிப்போய் புளித்த வாடையோடு தட்டையாக நின்றது. மூன்று கிலோ மைதாவும் வெண்ணெயும் வீணானதோடு, முன்பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் அவருடைய கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தச் செய்முறை குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டது. அதைத் தாமிரபரணிக் கரையின் சித்திரை வெயிலில் அப்படியே செய்ததுதான் கோளாறு. இந்த ஒன்று புரிந்துவிட்டால், ஓவன் இல்லாத வீட்டிலும் பஞ்சு போன்ற பிஸ்கட் செய்யலாம்.

எந்த பிஸ்கட்?

நமக்கு பிஸ்கட் என்றால் மொறுமொறுப்பாக உடைய வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிஸ்கட் என்ற பெயரில் சாப்பிடுவது வேறு. உள்ளே மென்மையாகவும், பிட்டால் அடுக்கடுக்காகவும் வரும் சிறிய பன் போன்றது அது. அதிலேயே ஈஸ்ட், பேக்கிங் பவுடர், சமையல் சோடா மூன்றும் சேர்த்துச் செய்வதை 'ஏஞ்சல் பிஸ்கட்' என்கிறார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது இதுதான். ஒன்று கொஞ்சம் தவறினாலும் மற்ற இரண்டும் தாங்கிப் பிடிக்கும்.

புளித்த மாவில் பிஸ்கட் சுடுவது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. நீலகிரியின் ஊட்டி வர்க்கி, புளித்த மாவை அடுக்கடுக்காக மடித்துச் சுடும் பண்டம்தான். அதற்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஈஸ்ட்டும் விதை மாதிரிதான்

கடையில் சிறு பாக்கெட்டில் கிடைக்கும் ஈஸ்ட், உலர வைத்து உறங்க வைக்கப்பட்ட நுண்ணுயிர். ஈரமும் இதமான சூடும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் சிறிதளவு ஆல்கஹாலையும் வெளியிடும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. ஆல்கஹால் சுடும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

தென்மாவட்டத்து விவசாயிகளுக்கு இந்த வேலை நன்றாகத் தெரிந்ததே. பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பதநீர் இனிப்பாகவே இறங்கும். பூசாவிட்டால் அது நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டும் பிற நுண்ணுயிர்களும்தான் அதற்குக் காரணம். சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றை அடக்கி வைக்கிறது. அந்தக் காலத்தில் ஆப்ப மாவைப் பொங்க வைக்க ஒரு கரண்டி கள் விடுவார்கள். தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், இன்று ஆப்பத்துக்கும் பாக்கெட் ஈஸ்ட்தான் துணை.

உயிருள்ள பொருள் என்பதால் அதைக் காக்கவும் தெரிய வேண்டும். அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு விதை நேர்த்தி செய்தால் பலன் இருக்காது அல்லவா? ஈஸ்ட்டும் அப்படித்தான். பிரித்த பாக்கெட்டை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

விதைக்கு முளைப்புத்திறன் பார்ப்பதுபோல் ஈஸ்ட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. கால் டம்ளர் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது என்று பொருள். நுரைக்காவிட்டால் மாவைத் தொடவே வேண்டாம். புது பாக்கெட் வாங்குங்கள்.

முதல் ஈடு ஏன் கல்லானது?

அந்த மருமகள் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று எழுதியிருந்ததைக் கை சுடும் அளவுக்கு எடுத்துக்கொண்டார். ஈஸ்ட்டை எழுப்ப 38 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூடு போதும். 55 முதல் 60 டிகிரியைத் தொட்டால் அது செத்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாவு அசையாது.

வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு கணக்கு உதவும். ஒரு பங்கு கொதிநீரோடு ஆறு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 40 டிகிரி வரும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் மதிய நேரத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கே அந்தச் சூடு இருக்கும். அதைத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஈடு ஏன் அமுங்கியது?

செய்முறையில் 'ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும்' என்று இருந்தது. 20 டிகிரி அளவில் இருக்கும் சமையலறைக்கு அது சரி. சித்திரையில் நெல்லைச் சமையலறை 35 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 8 முதல் 10 டிகிரி கூடினாலே ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒன்றரை மணி நேர வேலையை அரை மணியில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அது மாவைத் தளர்த்திக்கொண்டிருந்தது. தாங்க முடியாத அளவுக்கு ஊதிய பலூன் போல மாவுக்குள் இருந்த அறைகள் கிழிந்து வாயு வெளியேறியதால் பிஸ்கட் அமுங்கியது.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் மாமியார்தான். உடன்குடிப் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா பனையேறி. "மணி பாத்தா கலயத்தை எறக்குவாவ? கலயத்தைப் பாத்துல்லா எறக்குவாவ. வெயில் ஏற ஏறச் சீக்கிரம் பொங்கிரும். குளுருல மெதுவா வரும்" என்றார். "அப்போ எப்படிப் பாக்க அத்தை?" என்று மருமகள் கேட்டதற்கு, "தோசை மாவைப் பாக்க மாதிரிதான்" என்று பதில் வந்தது.

அவர் சொன்னதைக் கீழ்க்கண்டவாறு சோதித்துப் பார்க்கலாம். விரல் நுனியில் மாவு தொட்டுக்கொண்டு, பொங்கிய மாவின் ஓரத்தில் அரை அங்குலம் அழுத்துங்கள்.

குழி உடனே மேலே வந்துவிட்டால், இன்னும் நேரம் வேண்டும்.

மெதுவாக எழும்பிப் பாதியில் நின்றால், அதுவே பதம்.

குழி அப்படியே கிடந்தால், நேரம் கடந்துவிட்டது. மாவை மெதுவாக அமுக்கி மறுபடி வெட்டி, குறைந்த நேரம் வைத்துச் சுட்டுவிட வேண்டும்.

தோராயமாகச் சொன்னால், சமையலறை 28 டிகிரியில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். 35 டிகிரிக் கோடையில் அரை மணியே போதும். இது ஒரு குறிப்புதான். முடிவு சொல்ல வேண்டியது மாவு.

கோதுமை மாவு ஏன் அவசியம்?

வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஒரு பை வேண்டும். கோதுமையில் உள்ள புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையாகின்றன. சிறிது மைதாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெள்ளைப் பால் கழுவிப்போய்க் கையில் இழுபடும் உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன். திருநெல்வேலி அல்வாவுக்கு வேண்டியது அந்தப் பால். பிஸ்கட்டுக்கு வேண்டியது மிஞ்சிய ரப்பர்.

நம் ஆற்றுப் படுகையில் கார், பிசானம் இரண்டு பருவத்திலும் விளையும் நெல்லில் குளூட்டன் கிடையாது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 இட்லிக்கு அருமையான அரிசி. ஆனால், அந்த மாவில் அடுக்கு பிஸ்கட் வராது. கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கும் இதே நிலைதான்.

அதே சமயம், குளூட்டன் அதிகம் முறுகினால் பிஸ்கட் சவ்வு போல் இழுக்கும். பரோட்டா மாவைப் போல் இதை அடித்துப் பிசையக் கூடாது. ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் திரட்டினால் போதும்.

செய்முறை (சுமார் 20 பிஸ்கட்)

மைதா 500 கிராம், உடனடி உலர் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை தேக்கரண்டி), சர்க்கரை 30 கிராம், உப்பு 8 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா அரை தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், இளஞ்சூடான தண்ணீர் 50 மில்லி, புளிப்புள்ள கெட்டி மோர் சுமார் 270 மில்லி.

1. தண்ணீரில் ஈஸ்ட்டையும் ஒரு சிட்டிகை சர்க்கரையையும் கரைத்து, நுரை வரும்வரை 10 நிமிடம் வையுங்கள்.

2. மைதா, மீதிச் சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர், சோடா எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். உப்பை ஈஸ்ட்டின் மேல் நேரடியாகக் கொட்டக் கூடாது.

3. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் உதிருங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் ஆங்காங்கே தெரிய வேண்டும். சுடும்போது அவை உருகி, அதில் உள்ள நீர் ஆவியாகிப் பிரித்துவிடுவதால்தான் அடுக்கு விழுகிறது. நம் ஊர்ச் சூட்டில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடும். இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. மாவையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

4. ஈஸ்ட் கரைசலை ஊற்றி, மோரைச் சிறிது சிறிதாக விட்டுத் திரட்டுங்கள். மாவுக்கு மாவு நீர் பிடிப்பது மாறும் என்பதால் மோர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும் பதம் சரி.

5. மாவு தூவிய பலகையில் போட்டுத் தட்டி, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடியுங்கள். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு முறை தட்டி மடியுங்கள். கடைசியில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள்.

6. விளிம்பு மெல்லிய எவர்சில்வர் டம்ளரை மாவில் தொட்டு, நேராகக் கீழே அழுத்தி வெட்டுங்கள். திருகக் கூடாது. திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும்.

7. எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றையொன்று லேசாகத் தொடும்படி அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடுங்கள். ஒன்றரை மடங்கு உயர்ந்ததும் விரல் சோதனை செய்து பாருங்கள்.

8. முன்பே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். மேலே பொன்னிறமும், தட்டினால் கொட்டுக் கொட்டென்ற ஓசையும் வந்தால் வெந்துவிட்டது.

ஓவன் இல்லாவிட்டால்

கனமான அடியுள்ள பெரிய அலுமினியப் பாத்திரம் அல்லது பழைய குக்கர் போதும். குக்கர் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, ஒரு சிறிய முக்காலி வளையம் வைத்து மூடி, மிதமான தீயில் 15 நிமிடம் காய விடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். மேல்புறம் சிவக்காது. எடுத்ததும் தோசைக்கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் வைத்தால் நிறம் வந்துவிடும். இப்படி வெறுஞ்சூட்டில் பயன்படுத்திய குக்கரை மறுபடி பருப்பு வேக வைக்க எடுக்காதீர்கள். உலோகம் தளர்ந்திருக்கும், அழுத்தம் தாங்காது.

விற்பனைக்குச் செய்பவர்கள் கவனத்துக்கு

இந்த மாவுக்கு ஒரு வசதி உண்டு. மூன்றாவது நாள் வரை குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்கலாம். 4 டிகிரிக் குளிரில் ஈஸ்ட் மிக மெதுவாக வேலை செய்யும். முதல் நாள் மாலையில் திரட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தேவைக்கு ஏற்ப வெட்டிச் சுடலாம். ருசியும் கூடும். குளிர்ந்த மாவு எழும்பக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செலவில் பெரும்பங்கு வெண்ணெய்க்குப் போகும். அதற்காக மலிவான வனஸ்பதிக்கு மாறுபவர்கள் உறையைப் படித்து வாங்க வேண்டும். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் உள்ள விதி.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தேவை. 14 இலக்கப் பதிவு எண், எடை, சேர்மானங்கள், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய தேதி ஆகியவற்றை உறையில் அச்சிட வேண்டும். ஒரே பதத்தில் தொடர்ந்து பத்து ஈடு வந்த பிறகே வெளியாரிடம் முன்பணம் வாங்குங்கள். அதுவரை வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சாப்பிட்டுக் குறை சொல்லட்டும். மாவு, வெண்ணெய், கேஸ், உறை, வீணானவை, உங்கள் உழைப்பு என எல்லாவற்றையும் நோட்டில் எழுதி விலை வையுங்கள்.

சேரன்மகாதேவிக் குடும்பத்தில் இப்போது சுவரில் ஒரு சிறிய வெப்பமானி தொங்குகிறது. ஒவ்வொரு ஈட்டுக்கும் அன்றைய சூடு, மாவு எழும்ப ஆன நேரம், வந்த பலன் மூன்றையும் மருமகள் நோட்டில் எழுதுகிறார். வாழைக்கு உரம் வைத்த கணக்கு எழுதும் அதே நோட்டுதான். ஆடி மாதத்தில் காதுகுத்து வீட்டாரே மறுபடி வந்து ஐம்பது பிஸ்கட் கேட்டார்கள். இந்த முறை அவர் முன்பணம் வாங்கவில்லை. கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*கேள்வி: மைதாவைக் குறைத்து ஆட்டா, சிறுதானிய மாவு சேர்க்கலாமா?*

சேர்க்கலாம். ஆட்டா என்றால் மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கு வரை போடலாம். அதன் தவிடு கூடுதல் நீர் குடிக்கும் என்பதால் இரண்டு, மூன்று கரண்டி மோர் அதிகம் தேவைப்படும். கேழ்வரகு, கம்பு மாவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் பிஸ்கட் எழும்பாது.

*கேள்வி: சீக்கிரம் பொங்க ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போடலாமா?*

வேண்டாம். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகிச் சாய்வதைப்போல, மாவும் வேகமாகப் பொங்கி அமுங்கும். ஈஸ்ட் வாடையும் தூக்கலாக இருக்கும். வெயில் காலத்தில் 5 கிராமை 4 கிராமாகக் குறைப்பதே சரி.

*கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?*

தாராளமாகப் போடலாம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஆறிய பிறகு, அந்த அளவுக்கு மோரைக் குறைத்துச் சேருங்கள். ஆனால், எந்த இனிப்பும் மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். மாவு எழும்ப நேரம் ஆகும்.

*கேள்வி: கனிந்த வாழைப்பழம் நிறைய மிஞ்சுகிறது. இதில் பயன்படுமா?*

பயன்படும். நன்கு கனிந்த ஏத்தன் பழம் ஒன்றை மசித்துச் சேர்த்து, மோரில் 60 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையையும் பாதியாக்கலாம். பழம் சேர்த்த பிஸ்கட் சீக்கிரம் சிவக்கும் என்பதால் தீயைக் குறைத்துச் சுடுங்கள்.

*கேள்வி: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?*

சுட்ட அன்றைக்குத்தான் முழு ருசி. நன்கு ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மறுநாள் வரை வெளியில் வைக்கலாம். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும். மிஞ்சியதை இரண்டாகப் பிளந்து, 120 முதல் 130 டிகிரிச் சூட்டில் ஈரம் முழுவதும் போகும்வரை மறுபடி சுட்டால் ரஸ்க் கிடைக்கும். டப்பாவில் அடைத்தால் அது இரண்டு வாரம் தாங்கும். பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருள். அதனால் மிஞ்சியதை வீணாக்க வேண்டியதில்லை.